எனக்குக் கட்டிய வீடும் ஒரு கடல் விமானமும்

விமானத்துக்குப் பெயின்ற் விசிறும்போது மின்விசிறி போடக் கூடாது. யன்னலும் சாத்தியிருக்க வேண்டும். சின்னக் காற்று வந்தாலும் போதும், எங்கிருந்தோ ஒரு மயிர் பறந்துவந்து ஈரத்தில் குந்திக்கொள்ளும். பிறகு முழுவதையும் காயவைத்து, தேய்த்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மட்டக்களப்பு அமிர்தகழியில், வாவிக்கரையிலிருந்து ஒரு வளவு தள்ளி, தகரம் போட்ட ஒரு பின்பத்திக்குள், யன்னலைச் சாத்தி, வாய்க்கும் மூக்குக்கும் கவசம் கட்டிக்கொண்டு, வெயில் ஏறிய நேரத்தில் இருப்பது எப்படி என்று அறிய ஆசையுள்ளவர்கள் வந்து பார்க்கலாம். வியர்வை மூக்கு நுனியில் தொங்கும். துடைக்கக் கை இராது. ஒரு கையில் ஏர்பிரஷ், மறு கையில் விமானம். என்னுடைய இருபதுகளில் பாதி அப்படித்தான் போனது.

நான் தொழிலுக்குக் கேக் செய்கிறவள். காத்தான்குடிக் கல்யாணங்களுக்கு அடுக்கடுக்காகக் கேக் கட்டி, அதன்மேல் பொன்னிறமும் ரோசா நிறமும் விசிறி அனுப்புவேன். ஏர்பிரஷ் என்ற சாமானை வாங்கியது அதற்குத்தான். பேனா மாதிரி இருக்கும்; கொம்பிறசர் தள்ளும் காற்றில் நிறத்தைப் புகையாக விசிறும். அது கைக்குப் பழகிய பிறகு, இதால் வேறு என்னவெல்லாம் செய்யலாம் என்று இணையத்தில் தேடப்போய் மாட்டிக்கொண்டேன். உண்மையான போர்விமானங்களை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி, பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். அதை வாங்கி, ஒட்டி, நிறம் பூசி, அழுக்காக்கி, இப்போதுதான் எங்கிருந்தோ இறங்கி வந்து நிற்கிறது என்று பார்க்கிறவர் நம்பும்படி செய்ய வேண்டும். அழுக்காக்குவதுதான் இதில் பெரிய வேலை. பளபளவென்று புதுசாக இருந்தால் அது பொம்மை. புகை படிந்து, எண்ணெய் வடிந்து, ஏறி மிதித்த இடத்தில் பெயின்ற் உரிந்து இருந்தால்தான் விமானம். கேக்குக்கு ஓர் ஏர்பிரஷ், விமானத்துக்கு வேறொன்று. இரண்டையும் மாறி எடுத்துவிடுவேனோ என்று அம்மாவுக்கு ஓயாத பயம். "ஆரையும் நஞ்சு வெச்சுக் கொல்லாம இருந்தாக் காணும்" என்பார்.

இந்த இடத்தில் வாசிக்கிறவர்கள் ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மட்டக்களப்புப் பெண், போர்விமானம். அப்படியென்றால் குண்டும் பதுங்குகுழியும் வர வேண்டுமே என்று. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது எனக்கு. விமானச் சத்தம் கேட்டு ஓடியிருக்கிறேன், ஓம். கதிரவெளியில் பெரியம்மா வீட்டில் நின்றபோது, சின்னப் பிள்ளையாக, ஓடி விழுந்து முழங்கால் கிழிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்காக நான் விமானம் செய்யவில்லை. எனக்கு அந்த வடிவம் பிடிக்கும். உங்களுக்கு அந்தக் காரணம் காணாது என்றால் நான் ஒன்றும் செய்ய ஏலாது.

அம்மாவுக்கு அது காணவில்லை. பச்சையும் மண்ணிறமும் கலந்து பூசிய எதைக் கண்டாலும் வயிற்றைப் பிசைகிறது என்பார். "எங்களுக்கு மேலால பறந்தது ஒண்டும் இந்த வீட்டுக்க வரப்படாது" என்று சட்டம் போட்டுவிட்டார். நானும் பழைய உலகப் போர்க் காலத்துக் கடல் விமானம் ஒன்றைத் தேடி எடுத்தேன். உடம்பெல்லாம் வெள்ளை, அடிப்பாகம் படகு மாதிரி. தண்ணீரில் இறங்கித் தண்ணீரிலிருந்தே எழும்பும். பெட்டியிலிருந்த படத்தை அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இது தோணிதானேகா. தோணிக்குச் செட்டை வெச்சிரிக்கி" என்று சொல்லி அனுமதி தந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் தோணி. "தோணி காஞ்சிட்டா?" என்பார். "தோணிய அங்கால வை, சோறு போட" என்பார்.

இனி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் கல்யாணம் என்றால் பெண் வீட்டை விட்டுப் போவாள், எல்லாரும் நின்று அழுவார்கள். எங்கள் பக்கத்தில் பெண் அசைய மாட்டாள். வீடு அவளுக்கு, மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். பெற்றவர்கள் தாங்கள் இருந்த வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஒரு பத்தி இறக்கி அதற்குள் ஒதுங்குவார்கள். இன்னொரு மகள் இருந்தால் அவளுக்கும் ஒன்று கட்டுவார்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால், பெண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்று வாயைப் பிளப்பார்கள். மதிப்புத்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் எங்கே வாழ்வேன், எந்தக் கிணற்றில் அள்ளுவேன், எந்த வாசலால் என்னைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்பதெல்லாம் நான் பேசத் தொடங்குவதற்கு முன்பே கயிறு பிடித்து அளந்தாயிற்று. இதை யாரிடம் சொல்லி அழுவது? வீடில்லாதவர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டு வருவார்கள்.

நாங்கள் இருந்த வீடு கல்யாணத்தோடு அக்காவுக்குப் போனது. அதனால்தான் அப்பாவும் அம்மாவும் நானும் பின்பத்தியில் இருந்தோம். அப்பா மேசன். ஊரில் எத்தனையோ பெண்களின் வீடு அவர் கட்டியது. மற்றவர்களின் மகள்மாருக்கெல்லாம் கட்டி முடித்து, இடுப்பு நோவு வந்த பிறகு, அதே வளவின் மற்றப் பாதியில் எனக்குக் கட்டத் தொடங்கினார். ஆள் பிடிக்காமல் தனியத்தான் கட்டினார். விடிந்தால் சாந்து குழைக்கும் சத்தம் கேட்கும். நான் பத்திக்குள் விமானத்தின் இடுக்குகளைப் புட்டிப் பசையால் அடைத்துத் தேய்ப்பேன். கூப்பிடு தூரத்தில் அவர் சுவருக்குச் சாந்து பூசித் தேய்ப்பார். கேட்கக் கேட்க எனக்கு மூச்சு முட்டும். ஒவ்வொரு கல்லும் என்னைச் சுற்றித்தான் எழும்புகிறது என்று தோன்றும். கல்லை வைக்கிற மனிதரோ வெயிலில் கறுத்துப்போய், என்னைக் கண்டால் வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பார். அவரோடு எதைச் சொல்லிக் கோபிப்பது?

அந்த நேரத்தில்தான் தீவின் மறுகரையில், நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு இப்படியான விமானங்களைச் செய்து முடித்துக் கொடுக்கிற ஒரு சிறிய பட்டறை. நான் இணையத்தில் போட்டிருந்த படங்களைப் பார்த்துவிட்டு, அங்கே பொறுப்பாக இருந்த ஒரு சிங்கள அம்மா பேசினார். அவருடைய உடைந்த தமிழும் என்னுடைய உடைந்த சிங்களமுமாகக் கதைத்தோம். படத்தை நம்பி ஆள் எடுக்க மாட்டார்களாம். முழுதாக முடித்த ஒன்றை மாதம் முடிவதற்குள் கையோடு கொண்டுவந்து காட்ட வேண்டும். பிடித்தால் வேலை; இருக்க விடுதியும் தருவார்கள். கைபேசியை வைத்த பிறகு பத்திக்குள் நின்ற இடத்திலேயே நின்றேன். ஒரு நாள் முழுக்க விமானம் மட்டும் செய்துகொண்டு, யாருக்கும் விளக்கம் சொல்லாமல், யாரும் அளந்து வைக்காத ஓர் ஊரில் இருக்கலாம் என்பதை அதுவரை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவர் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார்.

"கலியாணம் பேசி முடிச்சாச்சு. வீட்டுக்கு நிலச் சீமெந்து போடுறதுதான் மிச்சம். மறுகா என்னத்துக்குகா நீர்கொழும்பு?"

"வேலைக்கு."

"கேக் வேலை வேலையில்லையா?"

மாப்பிள்ளை ஆரையம்பதிக்காரர், அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். நல்ல மனிதர் என்று ஊரே சொன்னது. நானும் கதைத்துப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை, அதுவே எரிச்சலாக இருந்தது. நான் விமானம் செய்வதில் தனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை என்று செய்தி அனுப்பியிருந்தார். நான் கேட்டேனா? என் கையை நான் ஆட்ட இவருடைய சம்மதம் எதற்கு? எனக்குக் கோபம் பத்திக்கொண்டு வந்தது. பதிலுக்கு "நன்றி" என்று போட்டேன். என் சூடெல்லாம் தொண்டைவரைதான்.

அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். சாந்து இறுகிவிடும் என்று எழும்பிப் போனார்.

விமானம் சரியாக வந்தால் நான் நீர்கொழும்புக்குப் போவேன், பிழையாகிவிட்டால் அந்தப் புதுவீட்டுக்குள் போவேன் என்று எனக்குள் தீர்மானித்துக்கொண்டேன். கேக் ஓடர்களைக் குறைத்துவிட்டு அதிலேயே கிடந்தேன். உடம்பின் இரண்டு பாதியும் ஒட்டிய இடத்தில் வரும் கோட்டைப் புட்டி வைத்து மறைத்தேன். கண்ணை நம்பக் கூடாது; விரல் நுனியால் தடவினால் தட்டுப்படக் கூடாது. ஆள் ஏறி மிதித்திருக்கக்கூடிய இடங்களில் முதலில் வெள்ளிநிறம் பூசி, காய்ந்ததும் ஈரம் தொட்டு, கறியுப்பைத் தூவி, அதன்மேல் வெள்ளையை விசிறினேன். பிறகு உப்பைத் தேய்த்து உதிர்த்தால், உப்பிருந்த இடத்தில் பெயின்ற் உரிந்து உலோகம் தெரிகிற மாதிரி வரும். வெளிநாட்டுக்காரர்கள் காணொளியில் உப்பைத் தூவிவிட்டு ஆறுதலாகக் கோப்பி குடிக்கிறார்கள். வாவிக் காற்றில் அந்தக் கதை நடக்காது. உப்புத் தானாகவே கசியத் தொடங்கிவிடும். தூவின கையோடு விசிற வேண்டும். பொழுதுபட்டு விளக்குப் போட்டால் வாவிப் பக்கத்துப் பூச்சியெல்லாம் திரண்டு வந்து ஈரப் பெயின்றில் விழுந்து சாகும். ஒரு தரம் இறக்கையில் ஒட்டின பூச்சியைக் குண்டூசியால் கிளப்பும்போது நான் பேசின பேச்சுக்கு, அக்கா தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடிப்பாகத்தில் தண்ணீர்க் கறை போட வேண்டும். அதற்கு மட்டும் நான் காணொளி பார்க்கவில்லை. விடிய எழும்பி வாவிக்கரைக்குப் போய், கட்டி விட்டிருந்த தோணிகளின் ஓரத்தைக் குனிந்து குனிந்து பார்த்தேன். கறை நேர்கோடாக இராது. பாரம் பின்னால் என்பதால் கறை பின்பக்கம் உயர்ந்தும் முன்பக்கம் தாழ்ந்தும் கிடக்கும். பாரம் ஏற்றிய நாளுக்கு ஒரு வரி, வெறுந்தோணியாய் நின்ற நாளுக்கு ஒரு வரி, அதன்மேல் பாசி. வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர், "என்ன பிள்ளை, தோணி வாங்கப் போறயா?" என்று கேட்டார். "ஓம் மாமா, செட்டை வெச்ச தோணி" என்றேன். விசர் என்று நினைத்திருப்பார். அந்தக் கறை வந்த வடிவத்தைப் பார்த்து எனக்கே ஆசையாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே திறமான வேலை அதுதான் என்று அப்போதே தெரியும். எஞ்சின் புகைக்குக் கொஞ்சம் கரித்தூளும், கடைசியாக ஒரு காப்பு வார்னிஷும்தான் மிச்சம் இருந்தன.

சரசுவதி பூசை வந்தது. முதல்நாளே முடித்து வைத்த ஒரு கேக்கைக் காலையில் காத்தான்குடிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்குத் தொழில் சாமான் எல்லாம் சாமிக்கு முன்னால் போய்விடும். அப்பாவின் சாந்தகப்பை, மட்டம், தூக்குக்குண்டு. அம்மாவின் தையல் மெசின். என்னுடைய கேக் தட்டுகள், முட்டை அடிக்கிற மெசின். அம்மா ஒவ்வொன்றாய்த் துடைத்துச் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைப்பார். அடுத்த நாள் காலை மறுபூசை முடியும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது.

நான் திரும்பி வந்தபோது கற்பூரம் அணைந்திருந்தது. அவலும் கடலையும் தட்டில் இருந்தன. சாமான்களுக்கு நடுவில், வாழையிலைத் துண்டின்மேல், என்னுடைய விமானம் இருந்தது. மூக்கில் ஒரு பொட்டு, இரண்டு இறக்கையிலும் ஒவ்வொன்று, வாலில் ஒன்று. நல்லாய்க் குழைத்த சந்தனம், அதன்மேல் நல்ல சிவப்புக் குங்குமம், விரலால் அழுத்தி ஆசையாக வைத்தது. முதுகில் ஒரு செவ்வரத்தம் பூவும் இருந்தது.

"ஆரு வெச்ச?" என்றேன், தெரிந்துகொண்டே.

"நான்தான்." அம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு. "இவ்வளவு காலமும் நான் அத வெக்கல்ல மகள். விளையாட்டுச் சாமான் எண்டுதான் நினைச்சிரிந்தன். உன்ட தொழிலும் தொழில்தானே. இந்தமுறை உன்ட கேக்குச் சாமானோட அதையும் வெச்சன். எல்லாம் நல்லா வரும், பாரன்."

காப்பு வார்னிஷ் பூசாத வெள்ளைப் பெயின்ற் தண்ணீர் மாதிரி நிறத்தைக் குடிக்கும். அது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? வேறு யாராவது செய்திருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். கத்த வாயைத் திறந்தேன். அவருடைய சிரிப்பைப் பார்த்து மூடிக்கொண்டேன். எத்தனை வருடமாக இந்த மனுசி இதைத் தொழில் என்று ஒருதரம் சொல்ல வேண்டும் என்று நான் காத்திருந்தேன். அதைச் சொன்ன நாளிலேயே அதைக் கெடுத்தும் வைத்திருந்தார். அடுத்த நாள் காலைவரை தொடவும் ஏலாது. அன்று முழுக்க அந்தச் சாமியறை மூலைக்கு எதிரே சுவரில் சாய்ந்துகொண்டு, குங்குமம் ஊறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால், அம்மா மேல் இல்லை. கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே சரசுவதி மேல் கோபப்பட்டேன்.

காலையில் எடுத்துத் துடைத்தேன். சந்தனம் போய்விட்டது. சிவப்பு, வெற்றிலைக் காவி பிடித்த பல் மாதிரி நின்றது. இறக்கைகள் இரண்டையும் தேய்த்து மறுபடி பூசினேன். அதற்குள் மழையும் தொடங்கிவிட்டது. இந்த ஈரத்தில் விசிறினால் பெயின்ற் சாம்பல் பூத்தமாதிரி ஆகும். வெயில் எட்டிப் பார்க்கிற நேரத்துக்காகக் கையில் ஏர்பிரஷோடு பத்திக்குள் காத்துக் கிடந்தேன். மூக்கையும் வாலையும் தேய்க்க ஏலாது. மூக்கில் தகடு அடித்த ஆணிகளின் சின்னச் சின்னப் புள்ளிகளும் வாலில் மெல்லிய வரிகளும் இருந்தன, தேய்த்தால் அழிந்துவிடும். சிவப்பை வைத்துக்கொண்டே ஒரு வழி பார்க்க வேண்டும். துரு என்று சொல்லவும் வழியில்லை, உண்மையான விமானம் அலுமினியம், அது துருப்பிடிக்காது. பார்க்கிறவர் இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எனக்கு ஒரு பதில் வேண்டும்.

பதிலும் வாவிக்கரையில்தான் கிடைத்தது. தோணியின் முன்பக்கத்தில் நங்கூரக் கயிறு உராய்ந்து உராய்ந்து மேல் நிறம் தேய்ந்து, அடியில் பூசின சிவப்பு வெளியே தெரிந்தது. இந்த விமானமும் தண்ணீரில்தானே கட்டிக் கிடந்திருக்கும், இதற்கும் மூக்கில்தானே நங்கூரம். பழைய புத்தகப் படங்களைத் தேடிப் பார்த்தேன். வாலின் அசையும் பகுதி தகடு அல்ல, துணி. துணிக்கு அடியிலும் சிவந்த பூச்சு உண்டு. மெல்லிய தூரிகையால் குங்குமத்தின் வட்டத்தை உடைத்து, கயிறு இழுபட்ட பக்கமாக நீட்டி, ஓரத்தில் வெள்ளையைக் கொத்திக் கொத்தி விட்டேன். முடிந்தபோது அம்மா வைத்த பொட்டு என்று யாராலும் சொல்ல ஏலாது. அம்மாவும் பார்த்தார். "பொட்டை அழிச்சிட்டாய் என்ன" என்றார். "இல்லம்மா, உள்ளுக்க இரிக்கி" என்றேன்.

நீர்கொழும்புக்கு அப்பாவும் வந்தார். தனியப் போக விட மாட்டேன் என்றார், அதில் பேச்சுக்கு இடமில்லை. விமானத்தைக் கேக் பெட்டிக்குள் இறக்கி, காலை ரெயிலில் மடியில் வைத்தபடி போனேன். பட்டறை ஒரு நீளமான அறை. வரிசையாக மேசைகள், ஒவ்வொரு மேசைக்கும் மேலே ஒரே அளவு வெளிச்சம், சுவரில் காற்றை வெளியே இழுக்கிற விசிறிகள். ஒருவருக்கும் வியர்க்கவில்லை. என் வயதுப் பெண்கள் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தார்கள். அங்கேயே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட வேண்டும் போலிருந்தது. அந்த அம்மா விமானத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். மூக்கில் வெகுநேரம் நின்றார். இந்த இடம் எப்படி வந்தது என்று கேட்டார். நங்கூரக் கயிற்றைச் சொன்னேன், குங்குமத்தைச் சொல்லவில்லை. சிரித்தார். அடுத்த மாதம் முதல் வாரத்தில் வந்துவிடச் சொன்னார். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "ஐயா, மகளை அனுப்புவீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அப்பா எழுந்து நின்று பதில் சொன்னார். "அவட விருப்பம்."

திரும்பி வரும்போது அப்பா வடை வாங்கித் தந்தார். "நல்ல இடம்" என்றார். "காத்தை நல்லா இழுக்கிது. வெளிச்சமும் நிழல் விழாம வெச்சிரிக்காங்க." மகிழ்ச்சியில் எனக்கு வடை இறங்கவில்லை. எந்த உடுப்புகளை எடுத்துக்கொள்வது, கொம்பிறசரை அக்காவிடம் விட்டுப் போவதா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். யன்னலோரம் காட்டுக்கு மேலே மழை இறங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு நிம்மதியாக நான் ஒருநாளும் எந்த ரெயிலிலும் இருந்ததில்லை.

அடுத்த நாளிலிருந்து புதுவீட்டில் ஒரே இடியும் தட்டலுமாக இருந்தது. கல்யாணத்துக்கு நாள் நெருங்குகிறது, அவசரப்படுகிறார் என்று நினைத்தேன். நான் போவேன் என்று அவருக்குத் தெரியும், இருந்தும் அந்த வீட்டை முடிக்காமல் அவரால் இருக்க ஏலாது என்று நினைத்துக் கவலையாகவும் இருந்தது. நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா என் பெட்டிக்குள் ஊறுகாய்ப் போத்தல் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்தார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

போவதற்குச் சில நாள் முன்னால் அப்பா என்னைக் கூப்பிட்டார். "ஒருக்கா வந்து பார் மகள்."

புதுவீட்டின் முன்பக்கத்து அறை அது. சாமியறைக்கு என்று விட்டிருந்தது. சாமிப்படங்கள் ஒன்றும் இல்லை. வடக்குப் பக்கச் சுவரை இடித்துப் பெரிய யன்னல் வைத்திருந்தார், அதற்குப் பூச்சி நுழையாத வலை அடித்திருந்தார். சுவரில் ஓட்டை போட்டு, காற்றை வெளியே இழுக்கிற விசிறி. மேசைக்கு மேலே குழல்விளக்குகள், நீர்கொழும்பில் இருந்த அதே இடைவெளியில். மேசையும் அதே உயரம். ஒரேயொரு தரம் பார்த்ததைக் கண்ணால் அளந்துகொண்டு வந்திருக்கிறார். மற்றச் சுவர் முழுக்கக் கண்ணாடி போட்ட தட்டுகள், விமானம் வைக்க. அவருடைய பெருவிரலில் துணி சுற்றியிருந்தது.

"அங்க பார்த்தன்தானே. அந்தமாதிரித்தான் வெச்சிரிக்கன்" என்றார். "அம்மாதான் சொன்னா, சாமியறை குசினிப் பக்கம் இரிந்தாக் காணும், இத பிள்ளைக்கு விடுங்க எண்டு."

போக வேண்டாம் என்று சொல்வார் என்று எத்தனை நாளாய்ச் சொற்களைத் தீட்டி வைத்திருந்தேன். கத்தியிருப்பேன், கதவை அடித்துச் சாத்தியிருப்பேன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியிருப்பேன். அதற்கெல்லாம் எதிரில் ஒரு ஆள் வேண்டுமே.

"நீ போறதெண்டாப் போ மகள்" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்த்துவிட்டு. "லீவில வந்து நிக்கக்குள்ள இரிந்து செய்யலாம். அதுக்குத்தான்." கையால் மேசையில் இருந்த சீமெந்துத் தூளைத் துடைத்தார். "இடம் காணுமா?"

"காணும் அப்பா."

இன்றைக்கும் அந்த அறையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வெளிச்சம் நிழல் விழாமல் வருகிறது. வியர்ப்பதில்லை. கல்யாணம் முடிந்து வந்த மனிதர் கதவைத் தட்டித்தான் உள்ளே வருவார். நான் செய்த விமானங்கள் கண்ணாடிக்குள் வரிசையாக நிற்கின்றன, வருகிறவர்கள் பார்த்துவிட்டுக் கொடுத்துவைத்தவள் என்கிறார்கள். ஓம் என்கிறேன். சில நாட்களில் ஏர்பிரஷைக் கழுவி வைத்துவிட்டு, பெயின்ற் அடிக்காமல், அந்த நான்கு சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். எந்தச் சுவரிலும் ஒரு மேடு பள்ளம் இல்லை, கையால் தடவிப் பார்த்தாலும் தட்டுப்படாது.

அப்பா அந்த அறையைக் காட்டிய அன்று பின்னேரமே நீர்கொழும்பு அம்மாவுக்குக் கைபேசியில் எடுத்தேன். வர ஏலாது என்று சொன்னேன். அவர் தாழ்ந்த குரலில், தெரிந்த ஒரு கதையைக் கேட்கிறவர் மாதிரி, "வீட்டில விடல்லையா?" என்றார்.

"விட்டாங்க" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. தன்னுடைய தமிழ்தான் பிழை என்று நினைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி மறுபடி கேட்டார். "வீட்டில. போக. விடல்லையா?"

"விட்டாங்க அம்மா," என்றேன். "விட்டாங்க."